குற்றவாளியா? சாட்சியா?

காட்டோரத்துச் சிற்றூர் ஒன்றிலே மாடுகளுக்குக் கோமாரி கண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாக்கிலே கொப்புளம், குளம்பிடுக்கிலே புண், கடைவாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுகுகிறது. காலையிலே இரண்டு படி கறந்த மாடு உழக்குக்கு வந்துவிட்டது. ஏர் மாடு காலை ஊன்ற மாட்டாமல் கொட்டிலிலேயே படுத்துவிட்டது.

"எங்கிருந்து வந்தது இந்த நோய்?" ஊர் கேட்கிறது.

"வேறெங்கிருந்து? காட்டிலிருந்துதான்! இராத்திரி வந்து கொள்ளுப் பயிரை மேய்ந்துவிட்டுப் போயிற்றே மான் கூட்டம், அதுதான் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறது!" ஊரே பதிலும் சொல்லிக்கொள்கிறது.

அதே கிழமையிலே, வேலிக்கு அந்தப்புறம், அலுவலக மேசை ஒன்றின்மீது வேறொரு தீர்ப்பு எழுதப்படுகிறது: "காட்டு விலங்குகளுக்கு நோயைக் கொண்டுவந்து சேர்ப்பவை நாட்டு மாடுகளே. ஆகவே மேய்ச்சலை நிறுத்துக!"

மான் குற்றவாளி என்கிறது ஊர். மாட்டுக்காரன் குற்றவாளி என்கிறது அலுவலகம். இரு தரப்பும் ஆணித்தரமாகப் பேசுகின்றன. ஐயத்துக்கு இடமே இல்லை என்பது போலப் பேசுகின்றன. ஆனால், இரு தரப்பின் கையிலும் இல்லாத பொருள் ஒன்று உண்டு. மானின் உடலிலிருந்து எடுத்துச் சோதிக்கப்பட்ட ஒரு சிறு குப்பிக் குருதி!

அந்தக் குப்பியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம். மானுக்குக் குருதிச் சோதனையா, நாட்டிலே மனிதனுக்கே சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறதே என்று நகைப்போர் நகைக்கட்டும். நகைத்து முடித்தபின் கேட்கட்டும். இது மானுக்காக மட்டும் எழுப்பப்படும் கோரிக்கை அன்று. ஒரு கறவை மாட்டை நம்பிக் குடும்பம் நடத்தும் ஏழைக்காகவும், தலைமுறை தலைமுறையாகக் காட்டோரத்திலே பட்டி போட்டு வாழும் மாட்டுக்காரனுக்காகவும் எழுப்பப்படுவது.

சோதனை என்றதும் ஏதோ பெரிய மாயவித்தை என்று மருள வேண்டியதில்லை. உடலுக்குள்ளே நோய்க்கிருமி நுழைந்தால், அதனை எதிர்க்க உடலே ஒருவகைப் பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. எதிர்ப்பொருள் என்று அதற்குப் பெயர். கிருமி ஒழிந்துபோன பிறகும் அது குருதியிலே தங்கியிருக்கிறது. போர் முடிந்தும் கலையாமல் பாசறையிலேயே இருந்துவிட்ட படையைப் போல! சில நோய்களுக்குப் பல திங்கள், சிலவற்றுக்குப் பல ஆண்டுகள். ஆய்வுக்கூடத்திலே குருதியின் தெளிநீரைப் பிரித்துச் சோதித்தால், இந்த விலங்கு இன்ன நோயை வாழ்நாளில் சந்தித்திருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

சந்தித்திருக்கிறதா என்பதுதான் தெரியும். கவனிக்க வேண்டிய சொல் அதுதான். எதிர்ப்பொருள் இருக்கிறது என்றால், அந்த மான் இன்று நோயுடன் திரிகிறது என்று பொருளாகாது. நோயை அதுதான் பரப்புகிறது என்பதற்கு அது சான்றே ஆகாது. காவல் நிலையத்துப் படியேறியவன் எல்லாம் கள்வன் என்று சொல்லிவிட முடியுமா? களவு கொடுத்தவனும் அந்தப் படியைத்தானே ஏறுகிறான்!

இந்த வேறுபாட்டை உணராமல், சோதிக்காமலேயே தீர்ப்பெழுதிய நாடுகள் உண்டு. நாகரிகத்திலே நம்மைவிடப் பல காதம் முன்னே சென்றுவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் நாடுகளே அவை.

1924ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். மாடுகளிடையே கோமாரி புகுந்தது. பண்ணைகளில் மாடும் ஆடும் பன்றியும் கூட்டங்கூட்டமாகக் கொன்று புதைக்கப்பட்டன. கோடையிலே மலைக்காட்டுக்கு மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகள் வழியாக, ஸ்டானிஸ்லாஸ் என்னும் அரசுக் காட்டிலே இருந்த மான்களையும் நோய் தொட்டது. தொட்டது உண்மை. அதை நாம் மறைக்கவில்லை. அடுத்து என்ன செய்தார்கள்? வேட்டைக்காரர்களை ஏவினார்கள். 22,000க்கு மேற்பட்ட மான்கள் கொல்லப்பட்டன. வீழ்ந்து கிடந்தவற்றைப் பார்த்தபோது, நோயின் வடு இருந்தவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு! மற்ற ஒன்பது பங்கு? வாயிலும் புண்ணில்லை, குளம்பிலும் புண்ணில்லை. சுட்ட பிறகு சோதித்தார்கள், தோழர்களே! ஆராயாமல் கோவலனை வெட்டச் சொன்ன மன்னன், உண்மை தெரிந்ததும் அரியணையிலிருந்து வீழ்ந்து மாண்டான் என்கிறது தமிழன் கதை. கலிபோர்னியாவிலே எவரும் வீழவில்லை. மாடுகளுக்கு நோய் வந்தபின் மான்களுக்கு வந்ததா, மான்களுக்கு வந்தபின் மாடுகளுக்கு வந்ததா என்ற கேள்விக்குக் கூட அங்கே விடை தெளிவாகவே இருந்தது. முதலில் மாடு, பிறகே மான். ஆயினும் தண்டனை மானுக்கு!

அதே அமெரிக்காவிலே, தெற்கு மூலையிலே இருக்கும் புளோரிடாவில், 1930களின் இறுதியில் இன்னொரு காட்சி. மாட்டு உண்ணியை ஒழிக்கும் இயக்கம் நடந்துகொண்டிருந்தது. மாட்டை மருந்துத் தொட்டியிலே முக்கி எடுத்து உண்ணியை ஒழிக்கலாம். மானை எப்படி முக்குவது? ஆகவே சுடு என்றார்கள். ஆயிரக்கணக்கிலே சுட்டார்கள். செமினோல் பழங்குடியினரின் நிலத்துக்குள்ளும் புகுந்து சுட வேண்டும் என்று கால்நடைத் துறையினர் கேட்டபோது, ஒருவர் மட்டும் குறுக்கே நின்றார். அந்நாளில் அமெரிக்காவின் உள்துறைச் செயலாளராக இருந்த ஹெரால்ட் இக்கஸ். சான்று எங்கே என்பதே அவர் கேள்வி. அந்த மக்களுக்கு மான் வெறும் அழகுப் பொருள் அன்று, உணவு. அடுப்பிலே ஏறும் இறைச்சியை அழித்துவிட்டு, அதற்குப் பிறகு ஆய்வு செய்வதா என்ற நியாயமான எரிச்சல் அந்தக் கேள்வியிலே இருந்தது. நமக்கு இக்கஸ் உறவினரும் அல்லர், அவருடைய அரசியல் நமக்குப் பாடமும் அன்று. ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

இன்னும் அண்மைக் காலத்துக்கு வருவோம். 2001ஆம் ஆண்டு, பிரிட்டன். அங்கே புகுந்த கோமாரி 2,000க்கு மேற்பட்ட பண்ணைகளைப் பற்றியது. 60 இலட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. வயல்வெளிகளிலே பிணக்குவியல் எரிந்த காட்சியை உலகமே கண்டது. சிற்றூர்ப் பாதைகள் அடைக்கப்பட்டன, இராணுவம் அழைக்கப்பட்டது. அங்கும் எழுந்தது அந்தக் குரல்: "மான்! மான்! காட்டிலே திரியும் மானை விட்டுவைத்தால் நோய் ஒழியாது!" அந்நாட்டிலே ஆறு வகை மான்கள் உண்டு. அவற்றில் ஐந்து வகைக்குக் கோமாரி தொற்றக்கூடும் என்பதை அவர்களுடைய ஆய்வுக்கூடமே 1970களில் செயற்கையாகத் தொற்ற வைத்துக் கண்டறிந்திருந்தது. ஆகவே அச்சம் பொருளற்றது அன்று. ஆனால் இம்முறை துப்பாக்கி முந்திக்கொள்ளவில்லை. துரத்திச் சுட்டால் மான்கள் திசைக்கொன்றாகச் சிதறும். நோய் இருக்குமானால் அதுவும் உடன் சிதறும் என்று சொன்ன மருத்துவர்களின் பேச்சு எடுபட்டது. ஐயத்துக்குரிய மான்களிடமிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். ஒரு மானிடம்கூட நோய் உறுதி செய்யப்படவில்லை! நோயை ஊர் ஊராகச் சுமந்து சென்றது எது தெரியுமா? சந்தைக்குச் சந்தை செம்மறி ஆடுகளை ஏற்றிச் சென்ற வண்டிகள். வணிகனின் வண்டி செய்த வேலைக்கு வாயில்லா மான் தலைகொடுக்க இருந்தது, மயிரிழையில் தப்பியது.

இப்படியெல்லாம் சொல்வதால், மான் எந்நாளும் எந்நாட்டிலும் மாசற்றது என்று வழக்காட வந்திருப்பதாக யாரும் கருதிவிட வேண்டாம். வழக்கறிஞர் வேலை நமக்கு வேண்டாம், உண்மைதான் வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே மானிடம் மாட்டுக் காசநோய் உண்டு. 1975இல் வேட்டைக்காரர் சுட்ட மான் ஒன்றிடம் காணப்பட்டது. ஏதோ ஒன்றுதானே என்று விட்டார்கள். 1994இல் மீண்டும் ஒன்று. அதன் பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். வேட்டைக்காரர்கள் தாம் சுட்ட மானின் தலையைச் சோதனை நிலையத்தில் ஒப்படைக்க, கழுத்து நெறிகளை அறுத்துப் பார்க்கும் ஏற்பாடு 1995 முதல் தொடர்ந்து நடக்கிறது. 3 இலட்சத்துக்கு மேற்பட்ட மான்கள் இதுவரை சோதிக்கப்பட்டிருக்கின்றன. நோய் கண்டவை 1,000ஐச் சுற்றி. அந்த மான்களிடமிருந்து மாட்டுப் பண்ணைகளுக்கு நோய் திரும்பிப் பரவியதும் உண்டு. ஆம், அங்கே மான் நோயைக் கொடுக்கிறது.

ஆனால் மானுக்குக் கொடுத்தது யார்? பல பத்தாண்டுகளுக்கு முன்னர் காசநோய் பிடித்திருந்த மாடுகள்! மாட்டிலே ஒழித்துவிட்டோம் என்று மார்தட்டிய வேளையிலே, அது மானிடம் ஒதுங்கிக்கொண்டது. அதை அங்கே நிலைநிறுத்தியது எது? வேட்டைக்கு மான் பெருக வேண்டும் என்பதற்காக மனிதன் காட்டிலே கொட்டிய தீவனக் குவியல்! கிழங்கும் கேரட்டும் மக்காச்சோளமும் மலைபோலக் குவிக்கப்பட்டன. நோயுற்ற மானும் நோயற்ற மானும் ஒரே குவியலில் வாய் வைத்தன. சோதனை நடந்ததால்தானே இது புலப்பட்டது? புலப்பட்டதால்தானே 1998இல் தீவனம் கொட்டுவதற்குத் தடை வந்தது? மானைச் சோதிக்கப் போனவர்கள், கடைசியில் மனிதன் செய்த வேலையைக் கண்டுபிடித்துத் திரும்பினார்கள். சோதனையின் சிறப்பே அதுதான். அது யாரைக் காட்டிக்கொடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவேதான் அதிகாரத்திலே உள்ளவர்களுக்கு அதன்மீது அவ்வளவாக ஆசை இருப்பதில்லை!

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

வெக்கை நோய் என்ற பெயரைக் கேட்டால் இன்றைய இளைஞனுக்கு ஒன்றும் தோன்றாது. அவனுடைய பாட்டனைக் கேட்டால் தெரியும். ஒரு கிழமையிலே பட்டி முழுவதும் வெறிச்சோடிப் போகும். உழவுக்கு மாடில்லாமல் நிலம் தரிசாகக் கிடக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலே ஆப்பிரிக்காவுக்குள் புகுந்த வெக்கை நோய், மாடுகளைப் பத்துக்கு எட்டு, ஒன்பது என்று வாரிக்கொண்டு போயிற்று. எத்தியோப்பியாவிலே பெரும் பஞ்சத்தையே பிரசவித்தது. நாட்டு மாட்டோடு நின்றதா? காட்டெருமைகளையும் இரலைகளையும் வீழ்த்தியது. நம் பக்கத்திலும் அது நடந்தது. 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளிலே வெக்கை நோய் புகுந்து காட்டுமாடுகளைக் கொன்று குவித்தது. (காட்டெருமை என்று பலரும் தவறாக அழைக்கிறார்களே, அந்தக் காட்டுமாடுகளைத்தான் சொல்கிறோம்.) காட்டுமாட்டுக்குத் தடுப்பூசி போட்டது யார்? எவருமில்லை. வேலிக்கு வெளியே ஊரிலே ஊசி போட்டிருந்தால் உள்ளே அது செத்திருக்காது.

அந்தக் கொடிய நோய் இன்று உலகிலேயே இல்லை. இந்தியாவிலே அது கடைசியாகக் காணப்பட்டது 1995இல். நம் வட ஆர்க்காட்டுப் பகுதியிலேதான். 2011இல் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதனுக்கு வரும் பெரியம்மைக்கு அடுத்தபடியாக மண்ணிலிருந்து துடைத்தெறியப்பட்ட நோய் அது ஒன்றுதான். பகுத்தறிவின் வெற்றி! பூசையால் போகவில்லை, ஊசியால் போயிற்று.

இந்த வெற்றியின் கடைசிக் கட்டத்திலே நிகழ்ந்த ஒன்றைத்தான் நம் வாசகர்களுக்குக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறோம். நோய் ஒழிந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது? மாட்டின் குருதியைச் சோதித்தால் எதிர்ப்பொருள் இருக்கும். ஆனால் அது நோயால் வந்ததா, போட்ட ஊசியால் வந்ததா? அந்நாளைய சோதனையால் பிரித்தறிய முடியவில்லை. இங்கேதான் காட்டு விலங்கு கைகொடுத்தது. கிழக்கு ஆப்பிரிக்காவிலே காட்டு எருமைகளின் குருதியை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கு எவரும் ஊசி போட்டதில்லை. ஆகவே அவற்றின் குருதியிலே எதிர்ப்பொருள் இருந்தால் அது நோய் வந்து போனதன் சுவடு, ஐயமே இல்லை. உலகிலேயே கடைசியாக வெக்கை நோய் உறுதி செய்யப்பட்டது 2001இல், கென்யாவின் மேரு காட்டிலே, ஒரு காட்டு எருமையிடம்தான். அதற்குப் பிறகு பிறந்த எருமைகளின் குருதி தூய்மையாக இருந்தது. அலுவலகப் பதிவேடு தராத உறுதியை அந்த எருமைகள் தந்தன. காட்டு விலங்கு அங்கே குற்றவாளிக் கூண்டிலே நிற்கவில்லை. சாட்சிக் கூண்டிலே நின்றது!

நம் புள்ளிமானும் கடமானும் அப்படி நிற்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

ஏன் என்று கேட்கலாம். 2019 செப்டம்பரில், 12,652 கோடி ரூபாய்ச் செலவிலே, நாடெங்கும் மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போடும் திட்டத்தை டில்லி அரசு தொடங்கியது. ஆறு திங்களுக்கு ஒருமுறை ஊசி. காதிலே 12 இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை. 2030க்குள் கோமாரியை ஒழிப்பது நோக்கம். நல்ல திட்டம். குறை சொல்வதற்காகக் குறை சொல்பவர்கள் அல்லர் நாம். கோமாரி வந்தால் மாடு சாகாமலே ஏழை சாகிறான். பால் போச்சு, உழவு போச்சு, சினை நிற்பதும் போச்சு. ஆகவே ஊசி போடட்டும், ஒரு மாடு விடாமல் போடட்டும்.

ஆனால் போட்டார்களா என்பதை யார் சொல்வது? பதிவேடு சொல்கிறது, இத்தனை மாட்டுக்கு இத்தனை ஊசி என்று. ஊசி மருந்து குளிர் கெடாமல் மலையேறியதா? வில்லை மாட்டிய மாட்டுக்கெல்லாம் ஊசி ஏறியதா? காட்டுக்குள்ளே பட்டி கிடக்கும் மாடுகளைத் தேடி யாராவது போனார்களா? பதிவேட்டுக்கு இதெல்லாம் தெரியாது. எழுதியதைத்தான் அது சொல்லும். எழுதியவனோ மேலதிகாரி கேட்டதைத்தான் எழுதியிருப்பான்!

மான் அப்படி அன்று. மானுக்கு எவரும் கோமாரி ஊசி போடுவதில்லை. ஓராண்டு வயதுள்ள ஒரு புள்ளிமானை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் கொடுத்த எதிர்ப்பொருள் சில திங்களிலே மறைந்துவிடும். அதற்குப் பிறகும் அதன் குருதியில் கோமாரிக்கான எதிர்ப்பொருள் இருக்குமானால், அந்தக் காட்டோரத்திலே கடந்த ஓராண்டுக்குள் கோமாரி உலவியிருக்கிறது என்றுதான் பொருள். நூறு விழுக்காடு ஊசி போட்டாயிற்று என்று பதிவேடு எவ்வளவு அழகாகச் சொன்னாலும் சரி! மாடுகளிடமும் ஊசியையும் நோயையும் பிரித்துக் காட்டும் சோதனை இன்று உண்டு, அதை மறுக்கவில்லை. திரும்பத் திரும்ப ஊசி ஏறிய மாட்டிலே அந்தச் சோதனையும் சிலவேளை குழப்பும். மானிலே அந்தக் குழப்பமில்லை. மான் தூய்மையாக இருந்தால் மட்டும் ஊரும் தூய்மை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது என்பதும் உண்மைதான். மானும் மாடும் சந்திக்காமலே இருந்திருக்கலாம். ஆகவே இரண்டு பக்கத்துக் குருதியையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்குச் சட்டம் இல்லையோ என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. சட்டம் இருக்கிறது! 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலே, 1991இல் சேர்க்கப்பட்ட 33ஏ என்றொரு பிரிவு உண்டு. சரணாலயத்துக்குள்ளும், அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட நடவடிக்கை எடுக்க வேண்டியது யார் என்று அது சொல்கிறது. மாட்டுக்காரன் அல்ல. தலைமை வனஉயிரினக் காப்பாளர்! ஊசி போடாத மாட்டைச் சரணாலயத்துக்குள் மேய்க்கக் கூடாது என்று அடுத்த வரி மாட்டுக்காரனையும் கட்டுப்படுத்துகிறது. மாட்டுக்காரனுக்கான வரி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. காப்பாளருக்கான வரி மட்டும் ஏனோ மறந்துபோகிறது!

2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பின்னர், தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று அந்தத் தடை சுருக்கப்பட்டது. நீதிமன்றத்தோடு வழக்காடுவது நம் நோக்கமன்று. மேய்ச்சலை எதிர்ப்போர் நெடுங்காலமாக எடுத்துவைக்கும் வாதங்களிலே ஒன்று, மாடு நோய் பரப்புகிறது என்பது. அந்த வாதம் உண்மையாக இருக்கலாம்; 1968இல் உண்மையாகவே இருந்தது. 2016-17 குளிர்காலத்திலே மங்கோலியாவில் ஆட்டுக்கொல்லி நோய் வளர்ப்பு ஆடுகளிடமிருந்து சைகா என்னும் இரலைக்குத் தாவி, அந்நாட்டிலே இருந்த சைகாவில் பாதிக்கு மேல் அழித்ததும் உண்மை. ஆனால் இன்று, இந்தக் காட்டிலே, இந்தப் பட்டி மாட்டிடமிருந்து இந்த மானுக்கு இன்ன நோய் சென்றது என்று காட்டும் குருதிச் சான்று எங்கே? மலைமாடு மேய்ப்பவனை ஒரு சொல்லிலே வெளியேற்றலாம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவனுடைய மேய்ச்சல் உரிமையைப் பேசுகிறதே, அதற்கு என்ன விடை?

நாம் கேட்பது ஒன்றும் வானத்து மீனைப் பிடித்து வரச் சொல்லும் கோரிக்கை அன்று. மானை வலைபோட்டுப் பிடித்து ஊசி குத்திக் குருதி எடுங்கள் என்று சொல்லவே மாட்டோம். புள்ளிமான் அச்சத்தால் சாகும் பிராணி. துரத்திப் பிடித்தால், விட்ட பிறகும் தசை சிதைந்து செத்துப்போகும். சோதனைக்காகக் கொல்வது கலிபோர்னியா வழி, நமக்கு வேண்டாம். நெடுஞ்சாலையிலே வண்டி மோதிச் செத்த மான்கள் உண்டு. கிணற்றிலே விழுந்து மீட்கப்படும் மான்கள் உண்டு. ஊருக்குள் ஓடிவந்து நாய் கடித்து மாளும் மான்கள் உண்டு. வனத்துறை மருத்துவர் அவற்றை அறுத்துப் பார்த்துக் குறிப்பெழுதிவிட்டு எரித்துவிடச் சொல்கிறார். எரிப்பதற்கு முன்னே, இதயத்திலிருந்து ஒரு குப்பிக் குருதி, கழுத்திலிருந்து ஒரு நெறி. பனிக்கட்டிப் பெட்டி ஒன்று, பெயர்ச்சீட்டு ஒன்று, ஆய்வுக்கூடத்துக்கு ஒரு வண்டி. (அடைப்பான் நோயால் செத்ததோ என்ற ஐயம் இருந்தால் மட்டும் உடலை அறுக்கக் கூடாது; காற்றுப் பட்டால் அந்தக் கிருமி வித்தாக மாறி மண்ணிலே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதை மருத்துவர்கள் அறிவார்கள்.) இதற்கு ஆகும் செலவு, ஒரு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவுகூட இராது.

அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. மாடு ஒரு துறையின் பொறுப்பு. மான் இன்னொரு துறையின் பொறுப்பு. மாட்டு மருத்துவருக்கு வேலிக்கு உள்ளே வேலையில்லை. வனத்துறைக்கு வேலிக்கு வெளியே அக்கறையில்லை. கிருமிக்கோ துறை தெரியாது! இரு துறையும் ஒரு மேசையில் உட்கார்ந்து, மானின் முடிவையும் மாட்டின் முடிவையும் ஒரே தாளிலே எழுத ஓர் ஆணை போதும்.

ஓர் அச்சமும் நமக்கு உண்டு. அதை ஒளிக்க விரும்பவில்லை. மானின் குருதியிலே கோமாரிச் சுவடு இருக்கிறது என்று நாளை ஓர் அறிக்கை வெளிவந்தால் என்ன நடக்கும்? "பார்த்தீர்களா! மாட்டுக்காரனை வெளியேற்று!" என்று ஒரு கூட்டம் கிளம்பும். "பார்த்தீர்களா! மானைச் சுடு!" என்று மற்றொரு கூட்டம் கிளம்பும். சோதனையே ஏழையின் கழுத்துக்குச் சுருக்காகிவிடக் கூடாது. ஆகவே முதல் குப்பி எடுக்கப்படுவதற்கு முன்பே அரசு எழுத்திலே சொல்லிவிட வேண்டும்: சுவடு தெரிந்தால், அந்தக் காட்டைச் சுற்றிய 5 கிலோமீட்டருக்கு முதலில் போவது தடுப்பூசி வண்டி, வெளியேற்ற ஆணையும் அல்ல, துப்பாக்கியும் அல்ல. அந்த உறுதி இல்லாமல் எந்த மாட்டுக்காரனும் தன் மாட்டின் குருதியைத் தரமாட்டான். தர வேண்டியதும் இல்லை.

முடிவுகள் ஆங்கிலத்திலே அச்சாகி அலமாரிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளவும் கூடாது. மசினகுடிக்காரனுக்கும் மேகமலை அடிவாரத்துக்காரனுக்கும் படிக்கத் தெரிந்த தமிழிலே, ஊராட்சி அலுவலகச் சுவரிலே ஒட்டப்பட வேண்டும். எந்தக் காட்டிலே, எத்தனை மான், எந்த நோய், எத்தனையிலே சுவடு. அதற்குப் பக்கத்திலே, அந்த ஊரில் எந்த நாளில் எத்தனை மாட்டுக்கு ஊசி போடப்பட்டது. இரண்டையும் படித்துவிட்டு, "எங்கள் பட்டிக்கு யாருமே வரவில்லையே!" என்று ஒரு மாட்டுக்காரி எழுந்து கேட்பாளானால், அதற்கு அங்கேயே பதில் சொல்ல ஒரு மருத்துவர் நிற்க வேண்டும்.

முதுமலை 1940இலிருந்து சரணாலயம்; 321 சதுர கிலோமீட்டர்; நடுவே நெடுஞ்சாலை, ஓரத்திலே பட்டிகள், எங்கும் புள்ளிமான். தொடங்குவதற்கு இதைவிட ஏற்ற இடம் வேறில்லை. ஆறு திங்களுக்கு ஒருமுறை என்ற கணக்குப்படி அடுத்த சுற்று ஊசிக்கு மருந்து மலையேறும்போது, அதே வண்டியிலே காலிக் குப்பிகளும் பனிக்கட்டிப் பெட்டியும் ஏறட்டும். இறங்கி வரும்போது நிரம்பி வரட்டும்.